ஒரு காபி மெஷின் வாங்கப்போகிறவர்

உலகத்தில் பொருள் வாங்குகிறவர்கள் உண்டு, வாங்காதவர்கள் உண்டு. இந்த இரண்டு தரப்பாலும் யாருக்கும் பெரிய தொந்தரவு இல்லை. மூன்றாவதாக ஓர் இனம் இருக்கிறது. அதற்கு வாங்கப்போகிறவர்கள் என்று பெயர். நேற்றும் வாங்கப்போனார்கள், இன்றும் வாங்கப்போகிறார்கள், நாளைக்கும் நிச்சயமாக வாங்கப்போவார்கள். வாங்கியதாகத்தான் தகவல் இல்லை.

இவர்களைக் கடையில் அடையாளம் காண்பது சுலபம். நீங்களும் நானும் ஒரு பொருளின் முகத்தைப் பார்ப்போம், அவர் அதைத் தலைகீழாகக் கவிழ்த்து அடிப்பாகத்தைப் பார்ப்பார், திருகாணிகளை எண்ணுவார், மூடியைத் திறந்து மூடுவார், மறுபடி திறந்து, மூடும்போது வரும் சத்தத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார், பிறகு விற்பனைக்கு நிற்கும் பெண்ணைக் கூப்பிட்டு, "இதோட மோட்டார் எங்க செஞ்சதும்மா?" என்பார். அவளுக்கு எப்படித் தெரியும்? அவள் இந்த வேலையில் சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. பரவாயில்லை, இவருக்குத் தெரியும், சொல்லிக்கொடுப்பார். பக்கத்தில் மின்விசிறி வாங்க வந்தவர் காதைக் கொடுப்பார், அப்படியே ஆலோசனை கேட்பார், இவர் கைகாட்டியதை வாங்கிக்கொண்டு சந்தோஷமாகப் போவார். இவர் மட்டும், "யோசிச்சுட்டு வரேன்மா" என்று வெறுங்கையோடு கிளம்புவார்.

இந்த இனத்தின் முழு வளர்ச்சி அடைந்த மாதிரி ஒன்று, என் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருக்கிறது. அவர் சமையலறையும் என் சமையலறையும் முதுகோடு முதுகு ஒட்டியவை. லிப்டுகளைச் சோதித்துச் சான்றிதழ் தருவது அவர் உத்தியோகம். அதனால் எங்கள் கட்டடத்தில் எல்லோருக்கும் அவர் லிப்ட் சார். பதினெட்டு மாடிக்கு மனிதர்களை ஏற்றி இறக்கும் கம்பியை முக்கால் மணி நேரம் பார்த்துவிட்டு, 'பத்திரம்' என்று கையெழுத்துப் போட்டுவிடுவார். கை நடுங்காது. அதே மனிதர் காபிக்கொட்டை அரைக்கும் மெஷின் ஒன்று வாங்கப் பதின்மூன்று மாதம் எடுத்துக்கொண்டார். அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

அவர் மனைவிக்கு ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. காலை ஆறு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பவேண்டும். இவர் ஒன்பது மணிக்குப் போய், இரவு எட்டு மணிக்குத் திரும்புவார். அவர் வரும்போது அந்த அம்மாவுக்குக் கண் சொருகிக்கொண்டிருக்கும். ஆக, புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரை ஒருவர் முழு விழிப்போடு பார்த்துக்கொள்வது காலை ஐந்தேகாலிலிருந்து ஐந்தே முக்கால் வரைதான். அந்த அரைமணி நேரத்தைக் கட்டிப் போட்டு வைத்திருந்தது காபி. கொட்டையை அப்போதே அரைத்து, அப்போதே போட்டு, எதிரும் புதிருமாக உட்கார்ந்து குடிப்பார்கள். கல்யாணமான மறுவாரம் தொடங்கிய பழக்கம். சுவர் வழியாக எனக்கு மெஷின் சத்தம் கேட்கும், பிறகு இரண்டு ஸ்பூன்கள் இரண்டு டம்ளர்களில் கலக்கும் சத்தம், பிறகு அந்த அம்மாவின் சிரிப்பு. எனக்கு அலாரம் வைக்கும் செலவு மிச்சம்.

ஒரு நாள் அந்த மெஷின் புகைவிட்டுச் செத்தது. பதினோரு வருஷம் உழைத்த மெஷின். வேறு யாராவது என்றால் அன்று சாயங்காலமே புதிதாக ஒன்று வாங்கியிருப்பார்கள். லிப்ட் சார் அதைச் சாப்பாட்டு மேஜையில் கிடத்திப் பிரித்தார். என்னையும் கூப்பிட்டுக் காட்டினார்.

"பார்த்தீங்களா? பிளேடு சுத்தி வெட்டுற வகை. இதுல தூள் ஒரே சீரா வராது. இத்தனை நாள் நாம குடிச்சது காபியே இல்லை."

அவர் மனைவி சமையலறை வாசலில் நின்றிருந்தார். "பதினோரு வருஷமா நல்லாத்தானே இருந்துச்சு?" என்றார்.

"உனக்குத் தெரியாது. பல்லு வச்ச ரெண்டு வட்டு, நடுவுல கொட்டை நசுங்கணும். அதுதான் சரி. நம்பகமானதா ஒண்ணு பார்த்து வாங்கிடலாம். ஒரு வாரம் பொறு."

நம்பகம். இந்த ஒரு வார்த்தையைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். இந்த இனத்தின் கையிலிருக்கும் மிகக் கொடிய ஆயுதம் இதுதான். அழகானதாக வேண்டும் என்றால் பார்த்தவுடன் தெரிந்துவிடும், மலிவானதாக வேண்டும் என்றால் விலைச் சீட்டைப் பார்த்தால் போதும். நம்பகமானது என்றால்? எத்தனை வருஷம் உழைக்கும் என்பது அத்தனை வருஷம் உழைத்த பிறகுதானே தெரியும்? அதற்குள் அந்த மாடலையே கம்பெனி நிறுத்திவிடும். ஆகவே பழைய மாடல் நம்பகமானது, ஆனால் பழையது. புது மாடல் புதியது, ஆனால் யார் கண்டார்கள்? இந்த இரண்டு சுவருக்கும் நடுவே ஒரு மனிதர் ஆயுள் முழுவதும் சௌகரியமாக நடந்துகொண்டே இருக்கலாம்.

லிப்ட் சார் நடந்தார். முதல் வாரம் அட்டவணை ஒன்று தயாரானது. மேலிருந்து கீழாக மெஷின்கள், குறுக்கே குணங்கள். ஏழு குணங்களோடு தொடங்கியது, ஒரு மாதத்தில் இருபத்து மூன்றானது. சத்தம், சூடு, எடை, கம்பியின் நீளம், மூடியின் இறுக்கம், கழுவும் வசதி. பதினெட்டாவது கட்டத்தின் தலைப்பு 'மனதில் படுவது'. அதற்கு எப்படி மதிப்பெண் போடுகிறீர்கள் என்று கேட்டேன். "மனசுல பட்டதைத்தான்" என்றார்.

மற்றவர்கள் எழுதிய கருத்துகளைப் படிப்பதில் அவருக்கு ஒரு முறை உண்டு. ஐந்து நட்சத்திரம் கொடுத்தவர்களைத் திரும்பியும் பார்க்கமாட்டார். "வாங்கின சந்தோஷத்துல எழுதுறவன், அவனுக்கு என்ன தெரியும்?" என்பார். நான்கு நட்சத்திரக்காரர்கள் தைரியம் இல்லாதவர்கள். மூன்று கொடுத்தவர்கள் எதிலும் ஒட்டாத ஆட்கள். ஒற்றை நட்சத்திரம் கொடுத்து, எல்லாம் போச்சு என்று அழுகிறானே, அவன்தான் இவருக்கு உற்ற தோழன். ஒரு மெஷினை நாலாயிரம் பேர் புகழ்ந்திருந்தார்கள். ஒரே ஒருவன், பெட்டியின் மூலை நசுங்கி வந்ததாகத் திட்டியிருந்தான். லிப்ட் சார் பேனாவை எடுத்து அந்த மெஷினை அடித்துவிட்டார். "பெட்டியிலேயே அக்கறை இல்லாதவன் மோட்டார்ல என்ன அக்கறை காட்டுவான்?"

கேட்டால் நியாயமாகத்தான் இருக்கிறது, இல்லையா? அதுதான் ஆபத்து. இந்த இனத்தவர் சொல்லும் ஒவ்வொரு வாக்கியமும் நியாயமாகவே இருக்கும். எல்லா வாக்கியங்களையும் கூட்டிப் பார்த்தால் வீட்டில் காபி இருக்காது.

காபி இல்லை என்று சொல்வது தப்பு. உடனடிக் காபித் தூள் இருந்தது. தற்காலிக ஏற்பாடு என்று ஒரு சின்னப் பாட்டில் வாங்கினார்கள், பிறகு பெரிய பாட்டில், பிறகு அதிலேயே இரண்டு. வெந்நீரில் கொட்டிக் கலக்கி, அதே மேஜையில், அதே நேரத்தில், எதிரும் புதிருமாக உட்கார்ந்தார்கள். ஒரே வித்தியாசம், லிப்ட் சார் கையில் இப்போது ஃபோன் இருந்தது. காலையில்தான் மூளை தெளிவாக இருக்கும், ஒற்றை நட்சத்திரங்களைப் படிக்க அதுவே உகந்த வேளை என்பது அவர் கொள்கை.

மனைவியின் தம்பி ஒருவர் இருக்கிறார். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர், ஒளிவுமறைவு இல்லாத ஆள். அவர் வீட்டில் ஒரு சிவப்பு மெஷின் நாலு வருஷமாக ஓடிக்கொண்டிருந்தது. லிப்ட் சார் ஒரு ஞாயிற்றுக்கிழமை கையில் ஒரு பொட்டலம் காபிக்கொட்டையும் வினாடி எண்ணும் கடிகாரமுமாக அங்கே போய் இறங்கினார். மெஷினின்மேல் காதை வைத்தார், அரைத்த தூளை வெள்ளைத்தாளில் பரப்பி பூதக்கண்ணாடியால் பார்த்தார். தம்பியின் மனைவி மூன்று தடவை சாப்பிடக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு ஓய்ந்துவிட்டார்.

"நல்லாத்தான் இருக்கு. எதைப் பார்த்து இதை வாங்கினே?"

"சிவப்பா இருந்துச்சு மாமா."

"அது இல்லப்பா. காரணம்?"

"அதான் மாமா. சிவப்பு."

லிப்ட் சார் வரும் வழியெல்லாம், "சிவப்பாம், சிவப்பு" என்று முனகிக்கொண்டே வந்தாராம். காரணமே இல்லாமல் வாங்கிய ஒரு பொருள் நாலு வருஷம் ஓடுவது அவருக்கு ஒரு அவமரியாதையாகப் பட்டிருக்கிறது. அட்டவணையில் அந்தச் சிவப்பு மெஷினுக்கு நேரே, 'தற்செயல்' என்று எழுதினார்.

இதற்கிடையில் அவர் புகழ் பரவியது. பரவாதா? காபி மெஷின் பற்றி எங்கள் வட்டாரத்தில் அவருக்குத் தெரிந்ததில் கால்வாசி தெரிந்தவர்கூடக் கிடையாது. மூன்றாம் மாடிப் பல் டாக்டர் கேட்டார், இவர் ஐந்து நிமிஷத்தில், உங்கள் குடும்பத்துக்கு இதுதான் சரி என்று ஒன்றைச் சொன்னார். டாக்டர் வாங்கினார், நன்றாக இருந்தது. கீழ்வீட்டுத் தையல்காரம்மா கேட்டார், வேறு ஒன்றைச் சொன்னார், அதுவும் நன்றாக இருந்தது. நானும் கேட்டேன், வாங்கினேன், இன்றுவரை ஒரு குறை இல்லை. காலை ஐந்து மணிக்கு எங்கள் கட்டடம் முழுவதும் கொட்டை அரைபடும், மாடிப்படியெல்லாம் மணக்கும். அவர் வீட்டிலிருந்து மட்டும் ஸ்பூன் டம்ளரில் மோதும் சத்தம் வரும். ஊருக்கெல்லாம் முகூர்த்தம் குறித்துக் கொடுத்தவர், தான் மட்டும் பிரம்மச்சாரியாக நின்றார். பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான் என்று சும்மாவா சொன்னார்கள்?

இவர் வாங்கவே இல்லை என்று நான் சொன்னால் அது அபாண்டம். எட்டாவது மாதம் ஒன்று வாங்கினார். வேன்காரத் தம்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்து, "மாமா, பட்டனை அமுக்குங்க" என்று சொல்லி, அமுக்க வைத்துவிட்டுத்தான் எழுந்தார். இரண்டு நாளில் பெட்டி வந்தது. மூலை நசுங்காத, லட்சணமான பெட்டி. அவர் மனைவி அதன்மேல் கையை வைத்துக்கொண்டு, "பிரிக்கலாமா?" என்றார்.

"பொறு. சீல் பிரிக்காம இருந்தாத்தான் திருப்பி அனுப்ப முடியும். முப்பது நாள் இருக்கு."

"பிரிக்காம எப்படிங்க நல்லா இருக்கான்னு தெரியும்?"

"அதுக்குள்ள யாராவது குறை எழுதினா?"

பெட்டி இருபத்தெட்டு நாள் சாப்பாட்டு மேஜையில், இரண்டு பேருக்கும் நடுவில் இருந்தது. காலையில் உட்கார்ந்தால் ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது, பெட்டிதான் தெரியும். இருபத்தொன்பதாவது நாள் யாரோ ஒருவன், எங்கேயோ ஓர் ஊரில், மூடி லூசாக இருக்கிறது என்று எழுதினான். பெட்டி கன்னி கழியாமல் திரும்பிப் போனது. லிப்ட் சார் அன்று சாயங்காலம் என்னிடம் சொன்னார்: "தப்பிச்சேன் சார்." அவ்வளவு நிம்மதி அந்த முகத்தில். நானும் மடையன் மாதிரி கைகுலுக்கினேன்.

அந்த அம்மா சண்டை போடவில்லையா என்று கேட்பீர்கள். போடவில்லை. முதல் மூன்று மாதம், "என்ன ஆச்சு?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு கேட்பதை விட்டுவிட்டார். லிப்ட் சார் அதைப் பொறுமை என்று எடுத்துக்கொண்டார். "எங்க வீட்டு அம்மாவுக்குப் புரிஞ்சிடுச்சு, நல்ல பொருள்னா நேரம் ஆகும்னு" என்று பெருமையாகச் சொன்னார். வீட்டில் பெண்கள் கேட்பதை நிறுத்தினால் அதற்கு என்ன அர்த்தம் என்று நமக்குத் தெரியாதா? தெரியும். பக்கத்து வீட்டு விஷயம் என்றால் நன்றாகவே தெரியும்.

பதின்மூன்றாவது மாதம், அவர் மனைவி வேலை செய்யும் ஆஸ்பத்திரியின் லிப்டுக்குச் சோதனை வந்தது. வழக்கமாக அந்தக் கட்டடத்தைப் பார்ப்பவர் விடுப்பில் போயிருந்ததால் இவரை அனுப்பினார்கள். காலை ஏழு மணி. ஒவ்வொரு மாடியிலும் நிறுத்தி, கதவு சரியாகத் திறக்கிறதா என்று பார்த்துக்கொண்டே ஏறினார். நான்காவது மாடியில் கதவு திறந்தது. ஆஸ்பத்திரி மருந்து வாசனையை மீறிக்கொண்டு, இப்போதுதான் அரைத்த காபிக்கொட்டையின் மணம் வந்தது. இனிமேல் நடந்ததை அவரே என்னிடம் சொன்னார். நான் ஒன்றும் கூட்டவில்லை.

அந்த மணத்தைப் பிடித்துக்கொண்டே போனார். பரிசோதனைக் கூடத்தின் பின்னால் ஊழியர்கள் உட்காரும் சின்ன அறை. நாலு பெண்கள், நாலு டம்ளர்கள். நடுவில் உட்கார்ந்து ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருப்பது அவர் மனைவி. அலமாரியில், கையுறைப் பெட்டிகளுக்குப் பக்கத்தில், ஒரு மெஷின். வட்டுகள் வைத்து நசுக்கும் வகை. அட்டவணையில் ஆறாவது வரிசை, 'பரிசீலனையில்' என்று போட்டிருந்த மெஷின்.

மனிதர் என்ன செய்தார் என்று நினைக்கிறீர்கள்? நேராகப் போய், மெஷினை எடுத்து, தலைகீழாகக் கவிழ்த்து, திருகாணியைப் பார்த்தார்.

"கீழ வைங்க" என்றார் மனைவி. மற்ற மூன்று பேரும் டம்ளரோடு வெளியே நழுவினார்கள்.

"இது யாரோடது?"

"என்னோடது."

"எப்போ வாங்கினே?"

"பத்து மாசம் ஆச்சு."

"எதைப் பார்த்து வாங்கினே?"

"எதையும் பார்க்கலை. கடைக்காரர்கிட்ட, வேலை செய்யுமான்னு கேட்டேன். செய்யும்னார்."

லிப்ட் சார் மெஷினைக் கீழே வைத்தாராம். பிறகுதான் அவருக்குக் கணக்கு உதைத்திருக்கிறது. "அப்போ தினமும் காலையில என்கூட உட்கார்ந்து குடிக்கிறது?"

"அது வெந்நீர்."

"என்னது?"

"வெறும் வெந்நீர்ங்க. அந்தத் தூளு எனக்குப் புடிக்கலை, நிறுத்திட்டேன். நீங்க பாட்டுக்கு ஃபோனைப் பார்த்துக்கிட்டு இருப்பீங்க. என் டம்ளர்ல என்ன இருக்குன்னு என்னைக்காவது பார்த்தீங்களா?"

பத்து மாதம். ஏறக்குறைய முந்நூறு காலை. மூடியின் இறுக்கத்தைக் காதால் அளக்கத் தெரிந்த மனிதர், இரண்டடி தூரத்தில் இருந்த டம்ளரில் தண்ணீர் இருப்பதைப் பார்க்கவில்லை. அவரைச் சொல்லிக் குற்றமில்லை. சுவருக்கு இந்தப் பக்கம் இருந்துகொண்டு தினமும் ஒட்டுக்கேட்ட எனக்கே, முன்பு இரண்டு ஸ்பூன்கள் கேட்டது, இப்போது ஒன்றுதான் கேட்கிறது என்று உறைக்கவில்லையே. சிரிப்புச் சத்தம் நின்றதுகூட அவர் சொன்ன பிறகுதான் எனக்கு ஞாபகம் வந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது.

"சரி, அப்புறம் என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன்.

லிப்ட் சார் தலையைக் குனிந்துகொண்டார். "வாயில என்ன வந்துச்சோ அதைக் கேட்டுட்டேன் சார்."

"என்ன கேட்டீங்க?"

"பத்து மாசத்துல ஒரு தடவையாவது ரிப்பேர் ஆச்சான்னு."

அந்த அம்மா, "இல்லை" என்று ஒரே வார்த்தை சொல்லி, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, ரத்தம் எடுக்கப் போய்விட்டாராம். இவர் மீதி மாடிகளைச் சோதித்துவிட்டு, லிப்டுக்கு 'பத்திரம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். கையெழுத்துப் போட்ட கம்பியைத் திரும்பப் போய்ப் பார்த்தது அன்றுதான் முதல் தடவை என்றார்.

சாயங்காலம் கடைக்குப் போனார். அவரைக் கண்டதும் அந்த விற்பனைப் பெண் குளிர்சாதனப் பெட்டிகளுக்குப் பின்னால் ஒதுங்கினாள். அவள் சேர்ந்து இப்போது ஒரு வருஷம் தாண்டிவிட்டது, அவளுக்கு எல்லாம் தெரியும். இவர் கூப்பிட்டு, ஆறாவது வரிசை மெஷினைக் காட்டி, "இது வேலை செய்யுமாம்மா?" என்றார். "செய்யும் சார்" என்றாள். "ஒண்ணு குடும்மா" என்றார். சாருக்கு உடம்பு சரியில்லையோ என்று அவள் முதலாளியைக் கூப்பிட்டிருக்கிறாள்.

திருந்திவிட்டாரா? அவசரப்படாதீர்கள். ஏன் அதையே வாங்கினீர்கள் என்று கேட்டபோது என்னிடம் அட்டவணையை நீட்டினார். ஆறாவது வரிசைக்கு நேரே புதிதாக எழுதியிருந்தது: 'பத்து மாதம் தொடர் உபயோகம். நாலு பேர். ஒரு பழுதும் இல்லை. சாட்சி முழு நம்பகம்.' அவர் மனைவியும் அதைப் படித்திருக்கிறார். படித்துவிட்டு, பதின்மூன்று மாதத்தில் முதல் தடவையாக அந்த வீட்டில் வாய்விட்டுச் சிரித்திருக்கிறார். ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: ஐந்தேகாலிலிருந்து ஐந்தே முக்கால் வரை ஃபோன் செருப்பு அலமாரியில் இருக்கவேண்டும்.

மறுநாள் காலையில் மெஷின் சத்தம் கேட்டு எழுந்தேன். சுவரில் காதை வைத்தேன். ஒரு ஸ்பூன் கேட்டது. கொஞ்சம் பொறுத்து இரண்டாவது ஸ்பூனும் கேட்டது. எட்டு மணிக்குக் கதவைத் தட்டினார் லிப்ட் சார். முகம் மலர்ந்திருந்தது. "காபி பிரமாதம் சார். ஆனா, எந்தக் கொட்டை நல்லதுன்னு பார்க்கணும். ஒரு வாரத்துல..." என்று தொடங்கியவரை நான் உள்ளே விடவில்லை.

நீங்கள் இவ்வளவு நேரம் சிரித்துக்கொண்டே படித்தீர்கள். நல்லது. இப்போது ஒன்று கேட்கிறேன், நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள். அந்த ஆறாவது வரிசை மெஷின் என்ன கம்பெனி, என்ன மாடல் என்று நான் கடைசிவரை சொல்லவில்லை. அது உங்களுக்கு உறுத்துகிறதா? எங்கேயாவது எழுதியிருக்கிறேனா என்று மேலே போய் ஒரு நோட்டம் விட்டீர்களா? தேடிப் பார்க்கலாம் என்று கை ஃபோனுக்குப் போகிறதா? நான் சொல்லப்போவதில்லை. ஃபோனைச் செருப்பு அலமாரியில் வையுங்கள். வைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்திருப்பவர் டம்ளரில் என்ன இருக்கிறது என்று ஒரு தடவை எட்டிப் பாருங்கள்.